வந்து திட்டிவிட்டுப் போ

வெல்பர்ன், இண்டியானா
மார்ச் 14

அன்புள்ள வாண்டா அண்ணிக்கு,

நான் நலம். நீங்கள் நலமா என்று கேட்கப்போவதில்லை. முந்தாநாள் கூடைப்பந்தில் எங்களைப் பதினோரு புள்ளி வித்தியாசத்தில் துவைத்துக் காயப்போட்ட கார்டெல் கல்லூரிக்காரர்கள் நலமாகத்தான் இருப்பீர்கள்.

அக்டோபரில் அண்ணனை அடக்கம் செய்த பிறகு நமக்குள் பேச்சே இல்லை. போனில் பேசினால் நான் கத்துவேன், நீங்கள் வைத்துவிடுவீர்கள். அதனால்தான் காகிதத்தை எடுத்தேன். டை விஷயத்தைக் கிளறக் கூடாது என்றுதான் உட்கார்ந்தேன், ஆனால் வருகிறதே! ரோலண்ட் படித்தது எங்கள் வெல்பர்னில். பட்டம் வாங்கிய நாளில் அவன் கட்டியிருந்த பச்சை டையை நான் தேடி எடுத்துக்கொண்டு வந்தேன். நீங்களோ அவனை உங்கள் கார்டெல் சிவப்பு டையோடு பெட்டியில் படுக்கவைத்துவிட்டீர்கள். உங்களைக் கட்டிக்கொண்ட வருடமே கட்சி மாறியவன்தான், எனக்குத் தெரியும். அதற்காகக் கடைசிப் பயணத்திலுமா?

போகட்டும். எழுத வந்தது வேறு. நேற்று ஹாலிஸ் காபிக் கடையில் ஒரே கூத்து. நம் இரு ஊர்க் கல்லூரிகளும் சேர்ந்த கூட்டமைப்பில் உள்ள எட்டுக் கல்லூரிகளில் நீங்கள்தான் தேசியப் போட்டிக்குப் போகிறீர்கள் அல்லவா? ஹாலிஸ் கல்லாவிலிருந்தே கத்தினான்: "லொரீன், இனிமே கார்டெல் நம்ம பசங்க. கூட்டமைப்போட மானமே அவங்க கையிலதான் இருக்கு."

"ஏன்டா, சனிக்கிழமை வரைக்கும் அவங்க பஸ் பஞ்சராகணும்னு வேண்டிக்கிட்டிருந்தவன் நீதானே?" என்றேன்.

"அது சனிக்கிழமை. இது வேற."

கடையில் எல்லோரும் தலையாட்டினார்கள். பச்சைத் தொப்பி போட்டுக்கொண்டே தலையாட்டினார்கள், அண்ணி! எனக்கு ஒன்றும் புரியவில்லை. நம்மை அடித்தவன் ஜெயித்தால் நமக்கு எப்படி மானம் வரும்? அவன் உதைபட்டால்தானே கொஞ்சமாவது ஆறும்? அண்ணன் இருந்தால் கேட்டிருப்பேன். இல்லாததால் உங்களைக் கேட்கிறேன். பதில் போட்டால் போடுங்கள்.

உங்கள் நாத்தனார்,
லொரீன்


கார்டெல்
மார்ச் 16

லொரீனுக்கு,

கடிதம் வந்தது. டையைப் பற்றி நான் பேசப்போவதில்லை. அவர் வருடம் முழுக்கக் கட்டியது எதுவோ, அதைத்தான் கட்டிவிட்டேன்.

நீ கேட்டதற்கு எனக்கும் பதில் தெரியாது. பத்து வருடம் முன்பு உங்கள் வெல்பர்ன் தேசியப் போட்டிக்குப் போனபோது, நான் எதிரணிக்குக் கை தட்டினேன். உன் அண்ணன் என்னை முறைத்தார். "நீங்க இப்ப எங்க பக்கம்தானே?" என்று கேட்டேன். "ஆமா, ஆனா அவங்க எங்க அம்மா பக்கம் மாதிரி" என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

இப்போது என் விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் ஆட்டம் டிவியில் வரும்போதெல்லாம் நீ இங்கே வந்து, சோபாவில் விளக்கோரமாக உட்கார்ந்து, எங்கள் பையன்களை வாய்க்கு வந்தபடி திட்டுவாய். நீ திட்டினால் நாங்கள் ஜெயிப்போம். உனக்குக் காய்ச்சல் வந்து வராமல் இருந்த வருடம் ஒரு புள்ளியில் தோற்றோம். உன் அண்ணன் அன்று சாப்பிடவே இல்லை. "லொரீன் வாயிலதான் நம்ம ராசி இருக்கு" என்பார். நீ சிரிப்பாய். அவர் சிரித்ததில்லை, கவனித்திருக்கிறாயா?

வெள்ளிக்கிழமை முதல் ஆட்டம். உன் வீட்டிலேயே உட்கார்ந்து பார். மனதாரத் திட்டு. சும்மா வாயளவில் வேண்டாம்.

உன்மேல் கோபம் தீர்ந்துவிட்டது என்று நினைக்காதே. தேவை வந்திருக்கிறது, எழுதுகிறேன்.

வாண்டா


வெல்பர்ன்
மார்ச் 28

அன்புள்ள அண்ணிக்கு,

நாலு ஆட்டம், நாலு வெற்றி! கடைசி நான்கு அணிகளில் கார்டெலா? எனக்கே அவமானமாக இருக்கிறது. திட்டித் திட்டித் தொண்டை கட்டிவிட்டது. இன்று காலை பள்ளிப் பேருந்து ஓட்டும்போது, பின்னால் ஆடும் பிள்ளைகளை அதட்டக்கூடக் குரல் வரவில்லை. அதுகளுக்குக் கொண்டாட்டம்.

முதல் இரண்டு ஆட்டத்தில் திட்டியது முழுக்க முழுக்க மனதாரத்தான். உங்கள் பயிற்சியாளர் போட்டிருந்த கோட்டைக்கூட விடவில்லை. மூன்றாவது ஆட்டத்தில்தான் வினை ஆரம்பித்தது. டிவியில் பேசுகிற நியூயார்க் ஆள் ஒருவன், "இந்தச் சின்னக் கல்லூரி எங்கே இருக்குன்னு வரைபடத்துல தேடணும்" என்று சொல்லிச் சிரித்தான். எனக்கு வந்ததே ஆத்திரம்! "சோளக்காட்டுக்கு நடுவுல இருக்குடா, வந்து பாரு" என்று டிவியைப் பார்த்துக் கத்தினேன். பக்கத்து வீட்டு யூனிஸ் ஜன்னலைத் தட்டி, "லொரீன், இன்னிக்கு நீ எந்தக் கட்சி?" என்றாள். திரைச்சீலையை இழுத்து மூடினேன்.

கார்டெலைத் திட்ட எனக்கு உரிமை இருக்கிறது. பிறந்ததிலிருந்து திட்டுகிறேன். அவன் யார்?

நேற்று இன்னும் மோசம். மணி அடிக்கும் நேரத்தில் அந்த ஒல்லிப் பையன் டேரில் பந்தை எறிந்தானே, அது கூடைக்குள் விழுந்தபோது நான் எழுந்து நின்றுகொண்டிருந்தேன். உட்கார்ந்திருந்தவள் எப்போது எழுந்தேன் என்று தெரியவில்லை. மடியிலிருந்த பாப்கார்ன் எல்லாம் தரையில் கிடந்தது. எதிரிக்கு எவளாவது எழுந்து நிற்பாளா? அப்புறம் உட்கார்ந்து பழையபடி திட்டினேன், ஆனால் ஆட்டம் முடிந்துவிட்டது.

எனக்கு என்னவோ ஆகிவிட்டது, அண்ணி.

லொரீன்


கார்டெல்
மார்ச் 30

லொரீனுக்கு,

உனக்கு ஒன்றும் ஆகக் கூடாது. இன்னும் இரண்டு ஆட்டம் இருக்கிறது.

எழுந்து நின்றாய் என்பதைப் படித்துவிட்டு எனக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. நீ எங்களுக்கு நல்லது நினைக்க ஆரம்பித்தால் நாங்கள் தொலைந்தோம். சனிக்கிழமை ஆட்டத்துக்கு முன்னால், உங்கள் வெல்பர்னை நாங்கள் மார்ச்சில் எப்படி அடித்தோம் என்பதை நினைத்துக்கொள். அதுவும் போதவில்லை என்றால் டையை நினைத்துக்கொள். நான் செய்தது உனக்கு எரிகிறதல்லவா? நன்றாக எரியட்டும்.

சனிக்கிழமை ஜெயித்தால், திங்கட்கிழமை இங்கே வா. விளக்கோரத்து இடம் காலியாகத்தான் இருக்கிறது. அவருடைய நாற்காலியும்தான். கார்டெல் இறுதி ஆட்டம் ஆடுவதைப் பார்க்காமல் சாகமாட்டேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தவர், ஆறு மாதம் பொறுக்கவில்லை. எனக்கு அவர்மேல்தான் கோபம் வருகிறது. யாரிடம் போய்ச் சொல்வது?

வந்து திட்டிவிட்டுப் போ. உனக்குத் தின்ன, இனிப்பாகச் சர்க்கரை க்ரீம் பை செய்துவைக்கிறேன்.

வாண்டா


வெல்பர்ன்
ஏப்ரல் 5

அன்புள்ள அண்ணிக்கு,

சனிக்கிழமை நீங்கள் ஜெயித்ததும் சொன்னபடி இறுதி ஆட்டத்துக்கு வந்தேன், ஆனால் நேற்று ராத்திரி நான் சரியாக விடைபெறவில்லை. கைப்பையைக்கூட மறந்துவிட்டு வந்தேன். நீங்கள் அழும்போது பக்கத்தில் இருக்க வேண்டியவள் காரை எடுத்துக்கொண்டு ஓடினேன் என்றால் அதற்குக் காரணம் இருக்கிறது. அதைச் சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

நீங்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ உன்னால ஆனதைச் செஞ்ச, லொரீன். குறை வைக்கலை" என்றீர்களே, வைத்தேன், அண்ணி.

கடைசி நிமிடம் வரை ஒழுங்காகத்தான் திட்டினேன். நீங்களே பார்த்தீர்கள். டேரிலை 'கொக்குக் காலா' என்றேன், நடுவருக்குக் கண் தெரியவில்லை என்றேன், உங்கள் ஊர்த் தண்ணீரையே பழித்தேன். ஒரு புள்ளி பின்னால் இருந்தீர்கள். மூன்று நொடி பாக்கி. எதிரணி செய்த தவறுக்காக டேரிலுக்கு இரண்டு வீச்சு கொடுத்தார்கள். யாரும் மறிக்கமாட்டார்கள், கோட்டில் நின்று எறிய வேண்டியதுதான். ஒன்று விழுந்தால் சமன், இரண்டும் விழுந்தால் கோப்பை.

அப்போது நான் ஏன் அந்தப் பக்கம் திரும்பினேன் என்று தெரியவில்லை. அண்ணனின் நாற்காலியைப் பார்த்தேன். அதன் கையில் துணி தேய்ந்து நூல் தெரிகிறது. ஒவ்வொரு ஆட்டத்திலும் அவன் பிறாண்டிய இடம். திட்ட வார்த்தையே வரவில்லை. "உள்ள போட்டுடு கண்ணா, ஒரே ஒரு தடவை" என்று மனதுக்குள் சொல்லிவிட்டேன். கெஞ்சினேன் என்றே சொல்லலாம்.

இரண்டும் வளையத்தில் பட்டு வெளியே போனது.

இதெல்லாம் பைத்தியக்காரத்தனம் என்று தெரியும். டிவிக்கு முன்னால் உட்கார்ந்து நான் நினைப்பது ஆயிரம் மைலுக்கு அப்பால் ஒரு பையனின் கையை எப்படி ஆட்டும்? தெரியும். ஆனாலும் இன்று காலை ஹாலிஸ் கடையில் எல்லோரும் "ச்சே, பாவம் கார்டெல்" என்று சொல்லிக்கொண்டே சந்தோஷமாகக் காபி குடித்தபோது, எனக்கு அந்தச் சந்தோஷத்தில் ஒரு துளிகூட வரவில்லை. பாதியில் எழுந்து வந்துவிட்டேன். வாழ்நாள் முழுக்கக் காத்திருந்த தோல்வி, அதை அனுபவிக்கக்கூட எனக்குக் கொடுத்துவைக்கவில்லை.

ரோலண்டின் கோப்பையை நான்தான் கெடுத்தேன். இனி உங்கள் வீட்டுப் படி ஏறமாட்டேன். கைப்பையை ஹாலிஸ் கடைக்கு அனுப்பிவிடுங்கள், நான் வாங்கிக்கொள்கிறேன்.

லொரீன்


கார்டெல்
ஏப்ரல் 9

அன்புள்ள லொரீனுக்கு,

நாலு நாளாக இதை எழுதுவதும் கிழிப்பதுமாக இருக்கிறேன்.

முதலில் ஒன்று. மனதுக்குள் சொன்னதாக எழுதியிருக்கிறாய். நீ வாய்விட்டுத்தான் சொன்னாய். கண்ணா என்று நீ கூப்பிட்டது சமையலறை வரை கேட்டிருக்கும். ஆனால் பந்து வெளியே போனது நீ சொன்னதால் இல்லை.

உன் கணக்குப்படி பார்த்தால் கெடுத்தவள் நீ இல்லை, நான். நீ 'உள்ள போடு' என்றபோது நான் கண்ணை இறுக மூடிக்கொண்டு, 'வேண்டாம், வெளியே போகட்டும்' என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பிறந்ததிலிருந்து சிவப்பு உடுத்துகிற நான்! ஏன் என்று எனக்கே தெரியவில்லை. அவர் இல்லாத வீட்டில் அந்தக் கோப்பையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? ஜெயித்தால் நான் கத்த வேண்டும், ஆட வேண்டும், திரும்பிப் பார்த்தால் நாற்காலி காலி. தோற்றால் அடுத்த வருடமும் காத்திருக்கலாம். அவர் எப்போதும் செய்ததுபோல. நான் அழுததை நீ தோல்விக்கு என்று நினைத்தாய். அந்தப் பையன் தலையைத் தொங்கப்போட்டு நடந்ததைப் பார்த்து, வெட்கத்தில் அழுதேன்.

ஆக, வெல்பர்ன்காரி ஜெயிக்க வேண்டிக்கொண்டாள், கார்டெல்காரி தோற்க வேண்டிக்கொண்டாள். உன் அண்ணன் கேட்டிருந்தால் இரண்டு பேரையும் வெளியே தள்ளிக் கதவைச் சாத்தியிருப்பார்.

கைப்பையை அனுப்பமாட்டேன். அதன் பக்கத்திலேயே அக்டோபரில் நீ நாற்காலியில் வீசிவிட்டுப் போன பச்சை டையும் தொங்குகிறது. நான் தூக்கி எறியவில்லை. அவர் கோட்டு மாட்டுகிற கொக்கியில்தான் மாட்டினேன், அன்றைக்கே.

நவம்பரில் அடுத்த பருவ ஆட்டங்கள் தொடங்கும். விளக்கோரத்து இடம் உன்னுடையது. வந்து கைப்பையை எடுத்துக்கொள், டையை எடுப்பதும் விடுவதும் உன் இஷ்டம். தொண்டையை நன்றாகத் தேற்றிக்கொண்டு வா. ஆனால் ஒன்று, இன்னொரு தடவை என் வீட்டில் உட்கார்ந்து எங்களுக்கு நல்லது நினைத்தாயோ, சர்க்கரை க்ரீம் பை கிடையாது.

உன் அண்ணி,
வாண்டா