கனத்த சுற்று, லேசான சுற்று

9 அக்டோபர் 1986, வியாழன்
போளூர்

இன்றும் மூடுபனி. எஞ்சினில் பொறி கிளப்பும் பாயிண்ட் தட்டைக் காலையிலேயே கழற்றித் தோசைக்கல்லில் போட்டுக் காய்ச்சினேன். அத்தை பார்த்துவிட்டு, "புருசனுக்கு ரெண்டு தோச சுட நேரமில்ல, இரும்பச் சுட நேரமிருக்கு" என்றார். கித்தேரியம்மாள் என் மாமியார். அவர் வாய்க்கு நானும் சளைத்தவள் இல்லை, ஆனால் தட்டு ஆறிவிடும் என்று ஓடினேன். சூட்டோடு மாட்டினால் கொஞ்ச நேரம் ஓடுகிறது. பனி உள்ளே இறங்கியதும் இருமி நின்றுவிடுகிறது.

விதியைப் பார். உருளைக்கிழங்குக்குக் கருகல் நோயைக் கொண்டுவருவது இந்தப் பனி. கருகலுக்கு மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து அடிக்கிற பம்பு எஞ்சினை நிறுத்துவதும் இதே பனி. மலைச்சரிவில் படிப்படியாக ஐந்து தட்டு நிலம், பூக்கிற பருவம். போன போகம் பாதி அழுகிப் போனது. இதுவும் போனால் கீழே இறங்கிக் கன்னிவாடி மண்டியில் மூட்டை தூக்கப் போவதாக இவர் சொல்லிக்கொண்டிருக்கிறார். மனுவேல் சொன்னால் செய்கிற ஆள்.

ஆனால் நான் செய்துவந்த பொறிப் பெட்டி தயார். இனி பாயிண்டே வேண்டாம். சக்கரத்தில் ஒரு காந்தம், பக்கத்தில் ஒரு சுருள், பழைய ரேடியோ டப்பாவுக்குள் சர்க்யூட். மெழுகு ஊற்றி மூடிவிட்டேன், பனி புகாது. மதுரை பாலிடெக்னிக்கில் படித்தது ரேடியோ ரிப்பேருக்கு மேலும் உதவட்டும். ப்ளக்கைக் கழற்றி எஞ்சின் மேலேயே கிடத்திச் சுற்றிப் பார்த்தோம். நீலப் பொறி, சுற்றுக்கு ஒன்று, ஒன்றுகூடத் தப்பவில்லை. "ஏ ரேடியோக்காரி, சாதிச்சிட்டயே" என்றார். நாளை மாட்டுகிறோம்.

11 அக்டோபர், சனி

எழுத வரவில்லை. எழுதாமலும் இருக்க முடியவில்லை.

குளிரில் எஞ்சின் கிளம்பக் காற்றை அடைக்க வேண்டும். அதற்கான மூடி எப்போதோ உடைந்து போயிற்று. இந்த மேட்டில் எல்லோரும் செய்வதுபோல இவரும் கார்புரேட்டர் வாயை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு மற்றக் கையால் கயிற்றை இழுப்பார். நேற்றும் அப்படித்தான். குனிந்திருந்தார். ஒரு வெடிச் சத்தம். கார்புரேட்டர் வாயிலிருந்து தீ இவர் கைக்குள்ளேயே வந்தது. கைக்குள்ளே — அங்கிருந்து முகத்துக்கு.

இடது உள்ளங்கை. புருவம். வலது கண்.

கேரட் லாரியில் கொடைக்கானல் ஆஸ்பத்திரி. வழியெல்லாம் என் மடியில் தலை வைத்திருந்தார். கத்தியிருந்தால் தேவலை. என் பெட்டிதானே? நான் செஞ்ச பெட்டிதானே?

12 அக்டோபர், ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. என்ன முகத்தோடு போவது.

14 அக்டோபர், செவ்வாய்

இரண்டு கண்ணிலும் கட்டு. இடது கண்ணுக்கு ஒன்றுமில்லை, வலது கண்ணைக் கட்டு பிரித்த பிறகுதான் சொல்ல முடியும் என்றார் டாக்டரம்மா. பக்கத்தில் உட்கார்ந்து கஞ்சி ஊட்டினேன். பாதியில் வாயை மூடிக்கொண்டு, "நீ ஏன் இங்க கெடக்க? போய்க் கெழங்கப் பாரு" என்றார். அவ்வளவுதான் பேச்சு.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து யோசித்துக்கொண்டே வந்தேன். எங்கிருந்து வந்தது அந்தத் தீ? எஞ்சினுக்கு நாலு வேலை: உறிஞ்சுவது, அமுக்குவது, வெடிப்பது, புகையைத் துப்புவது. நாலும் முடியச் சக்கரம் இரண்டு தடவை சுற்ற வேண்டும். என் பெட்டியோ சுற்றுக்கு ஒரு பொறி கொடுத்தது. அமுக்கி முடிக்கும்போது ஒன்று, அது தேவை. துப்பி முடிக்கும்போது ஒன்று, அது வீண். பழைய பாயிண்டும் சுற்றுக்கு ஒன்றுதான் கொடுக்கும், ஆனால் அதன் வீண் பொறியால் கெடுதல் இல்லை, ஏனென்றால் புகை போய்க்கொண்டிருக்கும்போதே வந்து போய்விடும். என் சுருளுக்கோ மெதுவாகச் சுற்றினால் தெம்பு வரத் தாமதமாகிறது, பொறியும் தாமதமாகிறது. துப்பி முடித்து, புதுப் பெட்ரோலை உறிஞ்ச எஞ்சின் வாயைத் திறக்கிற நேரம் பார்த்து வந்து விழுந்திருக்கிறது. அந்த வாயில்தான் இவர் கை இருந்தது.

ப்ளக்கை வெளியே வைத்து அழகு பார்த்தேனே, உள்ளே வைத்து ஒரு முறை சும்மா இழுத்துப் பார்க்கத் தோன்றவில்லையே. ஒரு தகர மூடி செய்து கொடுக்க எனக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? படிச்சவளாம் படிச்சவ.

17 அக்டோபர், வெள்ளி

அடித் தட்டில் கருகல் விழுந்துவிட்டது. இலை ஓரம் கறுத்து, அடியில் வெள்ளைப் பூசணம். அந்த அழுகல் வாடை வீடு வரைக்கும் வருகிறது. முதுகில் மாட்டுகிற கைப்பம்பால் நானும் கொழுந்தன் அருளப்பனும் அடிக்கிறோம். நாங்கள் ஒரு வரிசை முடிப்பதற்குள் அது இரண்டு வரிசை போகிறது. சேலையெல்லாம் துத்த நீலம்.

பாயிண்டைத் திரும்ப மாட்டினேன். தோசைக்கல், ஓட்டம், இருமல், நிற்பது. மறுபடி தோசைக்கல். பெட்டியைக் காணவில்லை. அருளப்பன் தூக்கி எருக்குழியில் போட்டிருக்கிறான். கேட்டதற்கு, "அத வீட்ல வச்சிருக்க ஒங்களுக்கு எப்படி மதினி மனசு வருது" என்றான். அவன் போன பிறகு எருவைக் கிளறி எடுத்துக் கழுவினேன்.

20 அக்டோபர், திங்கள்

இதுவரை கயிறு இழுத்தது இவர்தான், நான் மேசையில் உட்கார்ந்து கம்பிக்கு ஈயம் வைத்தவள். இந்த ஒரு வாரமாக அருளப்பன் கார்புரேட்டர் வாயைப் பொத்த, நான் இழுக்கிறேன். தோள் கழன்றுவிடும்போல இருக்கிறது. இன்று தெம்பில்லாமல் மெதுவாக இழுத்தபோது தெரிந்தது — ஒரு சுற்று கனக்கிறது, அடுத்த சுற்று லேசாக வருகிறது. கனம், லேசு, கனம், லேசு. அமுக்குகிற சுற்றில் சக்கரம் மூச்சு முட்டி மெதுவாகிறது. துப்புகிற சுற்றில் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது.

என் தோளுக்குத் தெரிகிறது. பெட்டிக்கு ஏன் தெரியக் கூடாது?

சக்கரத்தில் இரண்டு காந்தம் வைக்கலாம். முதல் காந்தத்துக்கும் இரண்டாவது காந்தத்துக்கும் நடுவே எவ்வளவு நேரம் ஆகிறதோ அவ்வளவு மின்சாரம் ஒரு கண்டன்சரில் சேரட்டும். அடுத்த சுற்றில் சேர்வதை அதோடு ஒப்பிட வேண்டும். எது அதிகமோ அது மெதுவான சுற்று, அமுக்குகிற சுற்று. பொறி அதற்கு மட்டும். மற்றதில் பெட்டி வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். கயிற்றை அங்கேயே போட்டுவிட்டு அடுப்புக் கரியால் சுவரில் படம் போட்டேன். அத்தை திட்டக்கூட இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

22 அக்டோபர், புதன்

ஆஸ்பத்திரியில் இவரிடம் சொன்னேன். சொல்லாமல் செய்யக் கூடாது என்று நினைத்தேன். கட்டுப் போட்ட முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு கேட்டார். கடைசியில், "இன்னொருக்கா நீ அந்தப் பொட்டிய எஞ்சின்ல மாட்டுனேன்னு கேள்விப்பட்டேன், இங்கருந்து நேரா கன்னிவாடி போயிருவேன். வீட்டுக்கு வரமாட்டேன்" என்றார்.

"கெழங்கு சாகுதுங்க."

"சாகட்டும். ஒன் கையாவது மிஞ்சும்."

வராந்தாவில் வந்து அழுதேன். கோபித்திருந்தால் நானும் கோபித்துக்கொண்டு சும்மா இருந்திருப்பேன். மூன்றாம் தட்டுக்கும் புள்ளி வந்துவிட்டதை இவரிடம் சொல்லவில்லை. கொடைக்கானல் ஏழு ரோட்டில் நான் முன்பு வேலை பார்த்த ரேடியோ கடையில் பெட்டிக்கு இரண்டு ஐசி சில்லு வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். ஆமாம், வாங்கினேன்.

25 அக்டோபர், சனி

கரண்டு இல்லை. பற்றவைக்கிற இரும்பை அடுப்பில் காய்ச்சிக் காய்ச்சி ஈயம் வைத்தேன். மத்தியானம் மாட்டி, யாரையும் கிட்டே விடாமல், கார்புரேட்டர் வாயை வெறுமனே விட்டுவிட்டு, பக்கவாட்டில் நின்று இழுத்தேன். வெடித்தது. வெறும் காற்றில் ஒரு முழத் தீ.

லேசான சுற்றுக்கு மட்டும் பொறி கொடுக்கிறது! ஒப்பிடுகிற இடத்தில் இரண்டு கம்பியை மாற்றிக் கொடுத்திருக்கிறேன். அருளப்பன் தூரத்திலிருந்து பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டு போனான். சிரிப்பு வந்தது. பிறகு உட்கார்ந்து டப்பாவைத் திறந்தேன்.

எஞ்சினுக்கு இரண்டு சுற்றும் வேறு வேறு என்று பெட்டி கண்டுபிடித்துவிட்டதே, அது போதாதா? போதாது. கம்பியை மாற்றிவிட்டேன். நாளை.

26 அக்டோபர், ஞாயிறு

பூசை முடிந்து வந்ததும் கொட்டகைக்குப் போனேன். எத்தனை இழுத்தும் தீ வரவில்லை. ஆனால் எஞ்சினும் கிளம்பவில்லை. வாயை அடைத்தால்தான் கிளம்பும். தகரத்தை வைத்தால் ஓரமெல்லாம் காற்று. ஈரச் சாக்கை வைத்தால் தண்ணீரை உறிஞ்சுகிறது. எப்போது அடைக்க, எப்போது விட என்பது கைக்குத்தான் தெரியும். இவருக்கு நீளக் கை, ஒரு ஆளே இரண்டையும் செய்வார். எனக்கு எட்டாது. அருளப்பனைக் கூப்பிட்டேன். "அந்தப் பொட்டிச் சனியன் பக்கமே வரமாட்டேன் மதினி, மன்னிச்சுக்கோங்க."

அத்தை கோயில் சேலையோடு வாசலில் நின்றிருந்தார். உள்ளே வந்து முந்தானையை இழுத்துச் செருகினார்.

"எத இழுக்கணும்?"

"அத்த, நீங்க பொத்துங்கன்னு நான் சொல்லல —"

"பொத்தச் சொன்னா செருப்பால அடிப்பேன். அவன் கை போனது போதும். கயித்தக் குடு. வெரசா, பனி எறங்குது."

உள்ளங்கையை வைத்தேன். கண்ணை மூடிக்கொள்ளக் கூடாது என்றுதான் நினைத்தேன், மூடிக்கொண்டேன். அத்தை இழுத்தார். கையை எஞ்சின் உள்ளே உறிஞ்சியது. குளிர்ந்த பெட்ரோல். மறுபடி இழுத்தார். குளிர்தான், தீ இல்லை. மூன்றாவதில் பிடித்துக்கொண்டது. கையை எடுக்க மறந்து நின்றேன். "எடுடி கைய" என்று அத்தை கத்தியது எஞ்சின் சத்தத்தில் பாதிதான் கேட்டது.

பனிக்குள்ளேயே ஓடியது. அருளப்பன் வந்து குழாயைப் பிடித்தான். இருட்டும் மட்டும் அடித்தோம்.

30 அக்டோபர், வியாழன்

அடி மூன்று தட்டும் போயிற்று. செடியைப் பிடுங்கிக் குவித்து எரித்தோம், ஈரத்தில் எரியாமல் புகைந்தது. கிழங்கு கோலிக்குண்டு அளவு, பிதுக்கினால் கூழ். மேல் இரண்டு தட்டு பச்சை. ஒரு வாரம் முன்னால் யோசித்திருந்தால் இன்னொரு தட்டு மிஞ்சியிருக்கும். இப்படிக் கணக்குப் பார்த்தால் பைத்தியம் பிடிக்கும்.

பெட்டி மாட்டியதை இவரிடம் யார் சொல்வது? "நான் சொல்லிக்கிறேன், பெத்தவ வந்து கூப்பிட்டா வராம எங்க போறான்" என்கிறார் அத்தை. நாளை அவர்தான் ஆஸ்பத்திரிக்குப் போகிறார்.

2 நவம்பர், ஞாயிறு

கல்லறைத் திருநாள். மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டுத் திரும்பும்போது அத்தை இவரைக் கூட்டிக்கொண்டு பஸ்ஸிலிருந்து இறங்கினார். பெட்டி மாட்டியதை அத்தை சொன்ன பிறகும் வந்துவிட்டார். வலது கண்ணில் வெளிச்சம் மட்டும் தெரிகிறதாம், உருவம் தெரியாதாம். இனி அப்படித்தானாம். இடது உள்ளங்கை சுருங்கி மினுமினு என்று கிடக்கிறது.

கொட்டகைப் பக்கம் பார்க்கவே இல்லை. என்னையும்தான்.

8 நவம்பர், சனி

இந்த ஒரு வாரமும் இவர் பேச்சு: "சோறு." "போதும்." "பனி வெளிய நிக்குது."

13 நவம்பர், வியாழன்

வெள்ளனே எழுந்து பார்த்தால் கட்டிலில் இல்லை. கன்னிவாடிதான் என்று வெறுங்காலோடு ஓடினேன். வெளியே பத்தடி தூரம் தெரியாத பனி. கொட்டகையில் எஞ்சின் முன்னால் குந்தியிருந்தார். பெட்டியை நல்ல கண் பக்கமாகத் தலை சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். மருந்து கலந்து வைத்திருந்தார்.

"கயித்தச் சுத்து" என்றார்.

சுற்றினேன். கார்புரேட்டர் வாய்க்கு இடது கையைக் கொண்டுபோனார். பிறகு அதை எடுத்துக்கொண்டு வலது கையை வைத்தார்.

"அது நல்ல கைங்க."

"அந்தக் கை மரத்துப் போச்சு, வச்சா ஒண்ணும் தெரியல. இதுக்குத்தான் சொரண இருக்கு. இழு."

என்னால் இழுக்க முடியவில்லை. "சகாயராணி, இழு" என்றார். ஆஸ்பத்திரிக்குப் போனதிலிருந்து என் பெயரைச் சொன்னது இதுதான் முதல். இழுத்தேன். இரண்டாம் இழுப்பில் ஓடியது.

மேல் இரண்டு தட்டும் அடித்து முடித்தோம். கை கழுவும்போது, ரேடியோ டப்பாத் தகரத்தில் ரப்பர் வைத்துச் சரியாக உட்காரும்படி ஒரு மூடி செய்து தரட்டுமா என்று கேட்டேன்.

"எதுக்கு, கைதான் இருக்குல்ல" என்றார்.