நாற்பத்திநாலா, முப்பத்தெட்டா

அன்புள்ள அம்மாவுக்கு,

நீயும் அப்பாவும் நலமா? உன் முழங்கால் வீக்கம் வடிந்ததா? தூத்துக்குடியில் வெயில்தான் கொடுமை. மற்றபடி பாப்பா நன்றாகப் பால் குடிக்கிறாள், நானும் துறைமுக ஆபீசுக்குத் திரும்பிவிட்டேன். போனில் பேசினால் நீ ஸ்பீக்கரில் போடுவாய், அப்பா பக்கத்தில் இருப்பார். அதனால்தான் கடிதம்.

பிள்ளை பெற்றபின் பழைய பிரா எதுவும் சேரவில்லை. தோளில் பட்டை அறுத்து, சாயங்காலம் பாப்பாவைத் தூக்கினால் கை மரத்துப்போகிறது. இதயக் கோளாறோ என்று பயந்து டாக்டரிடம் போனேன். சரியான அளவில் பிரா வாங்கச் சொல்லி அனுப்பிவிட்டார்.

மார்பைச் சுற்றி டேப்பால் அளந்துகொண்டு போய்ச் சொன்னேன். துணிக்கடைக் கல்லாவில் இருந்த அண்ணாச்சி, வேலை செய்யும் பெண்ணிடம், "ஏளா சீனித்தாய், அக்காவுக்கு நாப்பத்திநாலு எடுத்துப் போடு!" என்று தெருவுக்கே கேட்கக் கத்தினார். வீட்டில் போட்டுப் பார்த்தால் முதுகுப் பட்டை மேலே ஏறுகிறது. மார்புக்குக் கீழே டேப் வைத்தால் முப்பத்தெட்டுதான். மாற்றி வாங்கினேன், முன்பக்கம் பிதுங்குகிறது. மறுபடி கடைக்குப் போய்க் கேட்டேன்.

"முப்பத்தெட்டுலயே பெரிய கப்பு இருக்கா?"

"எல்லாம் ஒரே கப்புதான்க்கா. இங்கன யாரும் அப்படிக் கேட்டதில்ல," என்றாள் சீனித்தாய்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை, அம்மா. நான் பெரிதா, சிறிதா? உன் அளவு என்ன? நீ துண்டுக்கு அடியில் மறைத்துக் காயப்போடுவாய், நான் பார்த்ததே இல்லை. ஓசூரில் கிடைத்தால் இரண்டு அனுப்பு. நீயே கொண்டுவந்தாலும் சரி.

உன் இரண்டு தோளிலும் கறுத்த பள்ளம் இருக்குமே, அது பிறவியிலேயே வந்தது என்று நினைத்திருந்தேன். நேற்று கண்ணாடியில் என் தோளிலும் பார்த்தேன்.

பாப்பா அழுகிறாள், முடிக்கிறேன். இதற்கு மட்டும் மறைக்காமல் பதில் எழுது: உனக்கும் வலித்ததா?

உன் வைதேகி