மணிக்கட்டு

என்னங்க,

வேலைக்கு வந்த ஊரில் நான் நலம். உங்கள் முதுகுவலி பறந்துவிட்டதாக எழுதியிருந்தீர்கள். மகிழ வேண்டியவளுக்கு வயிறு எரிகிறது.

என்னோடு அக்குபஞ்சர் படித்தவள் நம் தெருவிலேயே கிளினிக் திறந்தால், உடனே போய்ப் படுத்துவிடுவதா? நான் தூக்கம், பசி, கோபம் எல்லாம் விசாரித்து, உடம்பில் எது கூடியது, எது குறைந்தது என்று பார்த்துத்தான் ஊசியைத் தொடுவேன். அவளுக்கு ஏது அந்தப் பொறுமை! நாடி பார்க்க நான் பழகியதே உங்கள் மணிக்கட்டில்தான்.

உங்கள் கடிதம் வந்த அன்று, நான் எடுக்க மறந்த ஊசி உச்சந்தலையில் நிற்க, சிகிச்சைக்கு வந்த ஒரு டிரைவர் வாசல்வரை போய்விட்டார். “இதையும் வீட்டுக்குக் கொண்டு போகணுமாம்மா?” என்றார். சிரித்துச் சமாளித்தேன்.

உங்கள் பழைய சட்டை ஒன்று அனுப்புங்கள், இங்கே குளிர். துவைக்க வேண்டாம்.

அடுத்த நோயாளி வந்துவிட்டார். முதுகை அவளே பார்க்கட்டும். நாடி பார்க்க மட்டும் கையை நீட்டாதீர்கள்.