வராத இடிமழை

அன்புள்ள உங்களுக்கு,

குவாங்சோவில் சுகமாக இருப்பீர்கள். இங்கே ஹெனானில் வெயில் கொளுத்துகிறது. புதன்கிழமை மாலை இடிமழையும் ஆலங்கட்டியும் வரலாம் என்று செவ்வாய்க்கிழமை வானிலை அறிக்கையில் சொன்னார்கள். வயலில் கோதுமை அப்போது முழுதாகக் காய்ந்திருக்கவில்லை. புத்தாண்டுக்குப் பிறகு நீங்கள் போன் எடுப்பதில்லை. அதனால் அறுக்கலாமா என்று உங்களைக் கேட்கவில்லை.

"என் மகன் சொல்லாம அறுக்கக் கூடாது" என்று மாமா வயலில் குறுக்கே நின்றார்.

"அவரு சொல்ற வரைக்கும் மழை காத்திருக்குமா மாமா? தள்ளி நில்லுங்க, மெஷின் வருது" என்றேன்.

புதன்கிழமை மதியத்துக்குள் கோதுமை முழுவதும் வீடு சேர்ந்தது. மாலையில் வானம் கறுத்து இடித்தது. ஒரு சொட்டுகூட விழவில்லை.

"உன் மழை எங்கம்மா, வழி தெரியாமப் போயிடுச்சா?" என்று மாமா சிரித்தார்.

"வராட்டிப் போகட்டும். வானத்தையே பாத்துக்கிட்டு என்னால உக்காந்திருக்க முடியாது" என்றேன்.

ஈரமாக அறுத்த கோதுமையைச் சாலையோரம் விரித்து நானே கிளறுகிறேன். தோள் வலிக்கிறது. வருத்தமில்லை.

இன்று காலை மாமாவும் கிளற வந்தார். கொஞ்ச நேரம் கழித்து, "மக்காச்சோளம் எப்பம்மா விதைக்கலாம்?" என்று என்னைக் கேட்டார். ஞாயிற்றுக்கிழமை என்றேன். சரி என்றார்.

விதைப்புக்காக நீங்கள் வர வேண்டாம். மகள் ஷின்யுவேயைப் பார்க்க வருவதானால் வாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி