கிணறு எந்தப் பக்கம்?

சௌபாக்கியவதி முத்தம்மாளுக்கு, இங்கிலாந்துக்குப் பக்கத்து ஜெர்சித் தீவிலிருந்து உன் புருஷன் நாகேந்திரனின் ஆசீர்வாதம். உன் இடுப்புவலி எப்படி? நான் சமைத்ததை நானே தின்றும் சௌக்கியமாகவே இருக்கிறேன்.

இந்தத் தீவு நம் தாலுகாவில் பாதிகூடத் தேறாது. ராஜா நமக்கும் இவர்களுக்கும் ஒருவர்தான். ஆனால் இவர்களுக்குச் சொந்தச் சபை, சொந்தச் சட்டம். அதையே நாம் கேட்டால் ஜெயில்! இதில் ஏதோ சூது இருக்கிறது.

போன வாரம், என்னைச் சமையலுக்கு இங்கே கூட்டிவந்த துரை தோட்டத்துக்கு மதில் எழுப்பினார். தன் நிலம் போகிறதென்று பக்கத்து வீட்டுக் கிழவி மண்டியிட்டு, “பிரபுவே, எனக்கு அநியாயம் செய்கிறார்கள்!” என்று கூவினாள். கொத்தனார்கள் கரண்டியைக் கீழே போட்டுவிட்டார்கள். இந்தத் தீவின் பழைய சட்டப்படி, அப்படிக் கூவினால் கோர்ட்டு தீர்க்கும்வரை ஒரு கல்கூட வைக்கக்கூடாதாம். பூந்தமல்லிப் பட்டாளத்தையே நடுங்கவைத்த நம் துரை, “இன்னாடா நாகேந்திரா இது?” என்று என்னைக் கேட்கிறார்! சிரிப்பை அடக்க அடுப்பங்கரைக்கு ஓடினேன்.

அது கிடக்கட்டும். “மாமா வேலியப் பிரிச்சிட்டு செவுரு வெக்கிறாரு, பாவம், நமக்கும் சேத்துதான்” என்று எழுதியிருக்கிறாயே! என் அண்ணன் பரந்தாமன் எனக்கென்று ஒரு வெற்றிலைகூட மடித்ததில்லை. இரண்டு வீட்டுக்கும் பொதுவான கிணறு எந்தப் பக்கம் போகிறது? நம் ஊர் சேக்காட்டில் நீ கூவினால் எந்தக் கொத்தன் நிற்பான்?

நார்த்தங்காய் ஊறுகாய் அனுப்பு. இங்கே தமிழில் சண்டைபோடக்கூட ஆளில்லை. துரை மணியடிக்கிறார். இது வருவதற்குள் சுவர் எழும்பியிருக்கும். படித்ததும் குடத்தோடு கிணற்றுக்குப் போ. யாராவது தடுத்தால் தந்தி கொடு; உலையை இறக்காமலே கப்பலேறுகிறேன்.