டிக்கின்சோனியாவுக்குக் கண் இல்லை

ஜூன் 3, செவ்வாய்
விரதம். மாரியம்மனுக்கு விளக்கேற்றி எழுந்தபோது, வீட்டுக்காரர் நம் பிரஸ்ஸிலிருந்து பள்ளிக்கூட சார்ட் ஒன்றின் புரூஃபைக் கொண்டுவந்து எழுத்துப்பிழை பார்க்கச் சொன்னார். 'உலகின் முதல் உயிர்கள்'. எழுத்தில் பிழையில்லை. ஆனால் டிக்கின்சோனியாவுக்கு இரண்டு கண்! மை தீட்டிய இமை வேறு. ஐம்பத்தைந்து கோடி வருடத்துக்கு முன்னால் கடலடியில் கிடந்த, வரிவரியான தட்டை உடம்பு அது. எலும்பு கிடையாது, வாய் கிடையாது. மணலில் பதிந்த தடம்தான் கல்லாகி மிஞ்சியது. கண் எங்கிருந்து வந்தது?

பிள்ளைகளுக்கு அழகாகத்தானே இருக்கிறது, வெள்ளிக்கிழமை மிஷின் ஏறுகிறது, விடு என்கிறார்.

விடுவதா? அத்தனை பள்ளிக்கூடச் சுவரிலும் பொய் தொங்குமே.

ஜூன் 4
என் நோட்டை எடுத்து எண்ணினேன். இரண்டு வருடமாக ஃபோனில் பார்த்த ஒவ்வொரு டிக்கின்சோனியாப் புதைபடிவத்துக்கும் நம்பர், தேதி, கிடைத்த இடம் எழுதி வைத்திருக்கிறேன். நூற்றுப் பன்னிரண்டு. ஒன்றில்கூடக் கண் இல்லை.

அவரிடம் காட்டினேன். பத்தாங்கிளாஸ் படிச்சவ ஆர்டரை நிப்பாட்டப் போறியாக்கும் என்று சிரித்தார். அழுகை முட்டியது — அழல. வரைஞ்சவரையே கேட்டுட்டு வாரேன்னுட்டேன்.

ஜூன் 5
ஓவியர் மணிமுத்து வீட்டுக்குப் போனேன். சாமி காலண்டர் வரைகிறவர். படம் முழுக்க முடித்து, குளித்துவிட்டு வந்து, கடைசியாகத்தான் கண்ணை வரைந்து திறப்பார். கண் திறக்காமல் ஒரு படமும் பிரஸ்ஸுக்கு அனுப்பியதில்லையாம்.

"கண்ணில்லாம ஒரு உசுர அனுப்பினா என் பிள்ளைகளுக்கு ஆகாது மதினி."

அந்தப் பயம் எனக்கும் உண்டு. நோட்டை வைத்துக்கொண்டு நூற்றுப் பன்னிரண்டு படத்தையும் ஃபோனில் ஒவ்வொன்றாகக் காட்டினேன்.

"ஆத்தா வைக்காத கண்ண நாம எப்பிடிங்க வைக்கிறது?"

அவர் நோட்டை மூடி என்னிடம் தந்தார். பிறகு சூடம் ஏற்றிக் கும்பிட்டு, கண் இருந்த இடத்தில் நிறம் பூசினார்.

ஜூன் 6, வெள்ளி
மணிமுத்து திருத்திய படத்துக்குப் புது அச்சு பிளேட் போட்டு, சாயங்காலம்தான் மிஷின் ஏறியது. வீட்டுக்காரர் என்னோடு பேசவில்லை.

ஜூன் 8
இன்னும் பேசவில்லை. நான் செய்தது சரி.

ஜூன் 19
மத்தியானம் மதுரை மொத்தக் கடைக்காரரின் ஃபோன். முதல் படத்தில் கண் விட்டுப்போச்சு, லோடைத் திருப்பி அனுப்புகிறேன் என்று சத்தம். அடுப்படியில் கரண்டியோடு நின்றுவிட்டேன். என் வீட்டுக்காரர் நிதானமாகச் சொன்னார்:

"விட்டுப்போகல அண்ணாச்சி. அதுக்குக் கண்ணே கெடையாது. எங்க வீட்டுல படிச்சுப் பாத்துத்தான் போட்டது."

சாப்பிட்டு முடித்தவர் கை கழுவ எழுந்திருக்கவில்லை. "சொர்ணம், வாயும் இல்லைங்கிறே. பெறகு அது எப்பிடித் திங்கும்?"

அடிப்பக்கத்தால் உறிஞ்சியிருக்கும் என்கிறார்கள் என்று ஆரம்பித்தேன். சொல்லி முடிப்பதற்குள் அவர் கை காய்ந்துவிட்டது.