பயற்றுப் பாத்தியில் உப்பு

ஜூலை 10, திங்கள்

மலையாளக் கரையின் சகல செடிகொடிகளுக்கும் அதிபதியாக இன்று காலை பத்தரை மணிக்கு எங்கள் ஊர் ஆரம்பப் பள்ளியில் முடிசூட்டிக்கொண்டேன். கிரீடம்: மெர்லின் டீச்சர் கொடுத்த பாளைத் தொப்பி. பிரஜைகள்: நாலாம் வகுப்பு, பதினெட்டுப் பேர். ஆளுக்கொரு வரிசை பயறு. விதைப்பதிலிருந்து பறிப்பதுவரை அவர்களே செய்ய வேண்டும். ஓணத்துக்குப் பள்ளி மூடும் அன்று விருந்தில் அந்தப் பயத்தங்காய்தான் தோரன், தேங்காய்ப் பொரியல். கூடமாட நிற்க ஒரு விவசாயி தேவையாம்.

டீச்சர் கூப்பிட்டது என் தங்கை தாட்சாயணியை என்பது சின்ன விஷயம். அவளுக்குப் பால் சொசைட்டியில் வேலை. "நான் போறேன்" என்றேன்.

"சேட்டா, உனக்குப் பயத்துக்கும் பாகலுக்கும் வித்தியாசம் தெரியுமா?"

முப்பது வருஷம் பஸ்ஸில் கண்டக்டராக நின்று, இந்த நாட்டின் ஒவ்வொரு இலையையும் ஜன்னல் வழியே பார்த்தவனிடம் கேட்கிற கேள்வியா இது?

தங்கை மகன் கிச்சுவும் அதே வகுப்பு. அவனுக்குத் தாய்மாமன் என்பதால் பதினெட்டுப் பேருக்கும் நான் அம்மாவன் ஆகிவிட்டேன்.

ஜூலை 14, வெள்ளி

முளைத்துவிட்டது! நான்தான் முளைக்கவைத்தேன் என்கிற மாதிரி நின்றேன். மழைக்குக் கொஞ்சம் பங்கு உண்டு, ஒப்புக்கொள்கிறேன்.

நஜ்வா என்றொரு பெண். முழங்கால்வரை சேறு, காதில் பென்சில். எல்லோரும் குதித்துக்கொண்டிருந்தபோது அவள் மட்டும் குனிந்து அடிக்கோலை மண்ணில் ஊன்றி அளந்தாள். "ரெண்டு சென்டிமீட்டர், அம்மாவா. இந்த ஒண்ணு ஒண்ணரைதான்." அந்த ஒன்றரைக்காக அவள் முகம் வாடியது.

ஜூலை 26, புதன்

களை பறிக்க வேண்டிய நேரத்தில் கதை கேட்கிறார்கள், சொல்லாமல் இருக்க முடியுமா? ஒருநாள் பஸ் நிற்கிற நேரம் பார்த்து ஒரு பயற்றங்கொடி பின்பக்க ஏணியைப் பிடித்து ஏறிக்கொண்டது. திருச்சூர் வரை வந்தது. டிக்கெட் கேட்டேன், "நான் இன்னும் பூக்கவே இல்லை, அரை டிக்கெட் போதும்" என்றது.

பதினேழு பேர் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நஜ்வா பென்சிலை எடுத்தாள்.

"எத்தன சென்டிமீட்டர் இருந்துச்சு?"

"எதுடி?"

"திருச்சூர் போன கொடி."

"ஐம்பத்திரண்டு லட்சம்" என்றேன். எழுதிக்கொண்டாள். ராத்திரிச் சாப்பாடுவரை நினைத்து நினைத்துச் சிரித்தேன்.

ஆகஸ்ட் 4, வெள்ளி

ஒரு வாரமாக மழையே இல்லை. கர்க்கடகத்தில், கொட்டவேண்டிய ஆடி மாதத்தில், இப்படி ஒரு வெயிலை நான் பார்த்ததில்லை, இதில் மிகை எதுவும் கிடையாது. கொடி ஏறிவிட்டது, ஆனால் பூ வரவில்லை.

பள்ளி விட்டதும் நஜ்வா வாசலில் பிடித்துக்கொண்டாள். "இன்னும் இருபத்தோரு நாள்தான் இருக்கு. பூவே வரல. ஓணத்துக்குக் காய்க்குமா?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். தாட்சாயணியிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். என் நாக்கு அப்படிப்பட்ட நாக்கா? ஊரில் எல்லாரும் தென்னங்கன்று நடும்போது குழியில் உப்புப் போடுகிறார்கள் இல்லையா, அதை எடுத்துக் கொஞ்சம் வளர்த்துவிட்டேன். எங்கள் வீட்டுத் தென்னைக்கு மூன்று சாக்கு உப்புப் போட்டேன், ஏழாம் நாள் ஓட்டுக்கு மேலே போனது, எட்டாம் நாள் குலை தள்ளியது, ஒன்பதாம் நாள் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது.

"இது ரகசியம் மோளே. வெளிய சொன்னா பலிக்காது. செடிக்குக் கோபம் வந்துரும்."

"சொல்லமாட்டேன்" என்றாள்.

நல்ல கதை. அந்த ஒன்பதாம் நாள் குறிப்பாக.

ஆகஸ்ட் 7, திங்கள்

நஜ்வா இன்று என்னைப் பார்த்துப் பார்த்துச் சிரிக்கிறாள். கைவிரல் நுனியெல்லாம் வெளுத்துச் சுருங்கிக் கிடந்தது. என்னடி என்றால் வாயைப் பொத்திக்கொள்கிறாள்.

ஆகஸ்ட் 9, புதன்

தொங்கிவிட்டது. எல்லாம். இலையோரம் தீய்ந்து, துவைத்துப் போட்ட துணிபோல. தண்ணீர் போதவில்லை என்று பிள்ளைகள் குடம் குடமாகச் சுமந்து ஊற்றினார்கள். கிச்சு அவன் வரிசையில் உட்கார்ந்து ஒரு கொடியைக் கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டே இருந்தான். விட்டால் விழுந்தது.

நான் குனிந்து தண்டுக்கடியில் மண்ணைத் தொட்டேன். விரலை நாக்கில் வைத்தேன்.

கடவுளே.

ஆகஸ்ட் 10, வியாழன்

சத்துணவுக் கூடத்தில் கார்த்தியாயனி சேச்சி உப்புப் பொட்டலத்தில் ஐந்து குறைகிறது என்று சொல்லிவிட்டார். உம்மர் மாஷ், ஹெட்மாஸ்டர், பதினெட்டுப் பேரையும் வராந்தாவில் நிறுத்தினார். என்னையும் நாற்காலி போட்டு உட்காரவைத்தார், விவசாய நிபுணர் என்ற முறையில்.

"நான்தான்" என்று மாஷ் கேட்கும் முன்பே நஜ்வா சொன்னாள்.

திங்கட்கிழமை எட்டு மணிக்கே வந்திருக்கிறாள். ஒவ்வொரு செடிக்கும் ஒரு கைப்பிடி. நூற்றெட்டுச் செடி. தன் வரிசைக்கு மட்டும் போட்டிருந்தால் ஆறோடு போயிருக்கும். எல்லார் செடியும் காய்க்க வேண்டும் என்று பதினெட்டு வரிசைக்கும் போட்டிருக்கிறாள்.

"யாரு சொல்லிக் குடுத்தா?" என்றார் மாஷ்.

அவள் என்னைப் பார்த்தாள். ஒரு நொடி. பிறகு தரையைப் பார்த்தாள்.

"யாரும் இல்ல."

"யாரும் சொல்லாம உனக்கு இப்படித் தோணுமா? பொறாமையா? உன் செடி சின்னதா இருந்துச்சா?"

"இல்ல மாஷே."

நாற்காலியில் இருந்தேன் நான். பாளைத் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு. பஸ் நிறைய ஆள் நிற்கும்போது படியிலிருந்து படிவரை கேட்கக் கத்துகிற தொண்டை இது. ஒரு சொல் வரவில்லை. ஏன் வரவில்லை? என்ன செய்திருப்பார்கள் என்னை? சிரித்திருப்பார்கள், அவ்வளவுதானே?

அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 11, வெள்ளி

எழுதவே கூசுகிறது, இருந்தாலும் எழுதுகிறேன். சாயங்காலம் வேலியோரம் நஜ்வா ஓடிவந்தாள். யாரும் இல்லையா என்று சுற்றிலும் பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தி:

"அம்மாவா, நான் யாருகிட்டயும் சொல்லல. மாஷ் கேட்டும் சொல்லல. உம்மாகிட்டகூட சொல்லல. இனி பொழச்சிடும்ல?"

ஆமாம் என்று தலையாட்டினேன்.

ஆட்டினேனா? ஆட்டினேன்.

ஆகஸ்ட் 16, புதன்

கொடியையெல்லாம் பிடுங்கிப் போட்டுவிட்டார்கள். பிள்ளைகள் அவளை உப்புக்காரி என்கிறார்கள். என் மருமகன் கிச்சுவும் சொல்கிறான், சோறு சாப்பிடும்போது சொல்லிச் சிரிக்கிறான். "அவ தொட்டா கடல்கூடக் கரிச்சுப்போகும் அம்மாவா!" இந்த மிகைப்படுத்தல் யாரிடமிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும்.

ஆகஸ்ட் 25, வெள்ளி

பள்ளியில் ஓண விருந்து. பயத்தங்காய் சந்தையிலிருந்து வந்தது. தோரன் பிரமாதம் என்றார்கள். பதினேழு இலை. நஜ்வாவுக்கு வயிற்றுவலி என்று அவள் உம்மா சொல்லியனுப்பியிருந்தார்.

ஆகஸ்ட் 29, திருவோணம்

தாட்சாயணி பாயசம் ஊற்றும்போது சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும். அவள் கரண்டியைப் பாத்திரத்திலேயே விட்டுவிட்டாள்.

"மூணு வாரமா? மூணு வாரமா அந்தப் புள்ளய அப்படி விட்டுட்டு நீ என் வீட்டுல உக்காந்து தின்னுட்டிருந்தியா, சேட்டா?"

"பயறுக்கு உப்பு ஆகாதுன்னு எனக்குத் தெரியாது."

"அது தெரியாதது தப்பில்ல."

கிச்சு அழுதான். எதற்கு என்று கேட்கவில்லை நான்.

செப்டம்பர் 4, திங்கள்

பள்ளி திறந்தது. நாலாம் வகுப்பில் நின்று சொன்னேன், மாஷும் டீச்சரும் இருக்கும்போது. சுருக்கமாகத்தான். அலங்காரம் எதுவும் இல்லை. நான் சொன்னதால்தான் நஜ்வா உப்புப் போட்டாள், நான் சொன்னது பொய், ரகசியம் என்று வாயடைத்ததும் நான்தான். கடைசி பெஞ்சில் ஒருவன் சிரித்தான், இதுவும் என் கதைகளில் ஒன்று என்று நினைத்து. டீச்சர் அவனைப் பார்த்ததும் நின்றது.

நஜ்வாவின் இடம் காலி. ஓணம் முடிந்தும் வரவில்லை.

வெளியே வந்ததும் மெர்லின் டீச்சர் சொன்னார்: "அன்னைக்கே சொல்லியிருந்தா வெறும் செடிதான் போயிருக்கும்."

செப்டம்பர் 5, செவ்வாய்

நஜ்வா வீட்டுக்குப் போனேன். அவள் உம்மா சுலைகா உள்ளே வரச் சொல்லவும் இல்லை, போகச் சொல்லவும் இல்லை.

ஜன்னலில் ஐந்து தேங்காய்ச் சிரட்டை. ஒவ்வொன்றிலும் ஒரு பயற்றுச் செடி, ஒவ்வொன்றின் மேலும் ஒரு சீட்டு. உப்பு இல்லை. ஒரு சிட்டிகை. அரைக் கரண்டி. ஒரு கரண்டி. ஒரு கைப்பிடி. முதல் இரண்டும் பச்சையாக நின்றன. மற்றதெல்லாம் போய்விட்டது.

"கைப்பிடி ரெண்டாவது நாள் சாயந்திரம்" என்றாள் நஜ்வா. "கரண்டி மூணாவது நாள். அரைக் கரண்டி அஞ்சு நாள் இருந்துச்சு."

"தப்பு என்னோடது மோளே. பள்ளிக்கூடத்துல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்."

அவள் சிரட்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "தென்னைக்காவது நிஜமா போட்டீங்களா?"

இந்தக் கேள்விக்கு என்னிடம் ஆயிரம் பதில்கள் இருந்தன. 

"தென்னைய என் தங்கச்சி நட்டா. நான் அன்னைக்கு வீட்டுலகூட இல்ல."

"அப்போ பயறு?"

"நான் இதுவரைக்கும் ஒரு செடியும் வளத்ததில்ல."

அவள் நோட்டை எடுத்துப் பின்னோக்கிப் புரட்டினாள். ஜூலைப் பக்கம். ஐம்பத்திரண்டு லட்சம் சென்டிமீட்டர் என்று அழகாக எழுதி, கீழே கோடு போட்டிருந்தது. ரப்பரை எடுத்து அதை அழித்தாள். தாள் கிழியாமல், மெதுவாக. துகளை ஊதினாள்.

அழியட்டும் என்று நின்றுகொண்டிருந்தேன்.

செப்டம்பர் 16, சனி

பாத்தி மண்ணை ஒரு சாண் ஆழத்துக்கு அள்ளி வெளியே கொட்டிவிட்டுப் புது மண் போட வேண்டும் என்று தாட்சாயணி சொன்னாள். நானே சுமக்கிறேன் என்றேன். நானூறு கூடை சுமந்தேன்.

நூறு.

அறுபத்து மூன்று. இன்னும் பாதி பாக்கி. முதுகு என்னுடையது போல இல்லை.

செப்டம்பர் 19, செவ்வாய்

நஜ்வா பள்ளிக்கு வந்துவிட்டாளாம். கிச்சு சொன்னான். இவன் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறான், அவள் எழுந்து வேறு பெஞ்சுக்குப் போய்விட்டாளாம். "பரவால்ல, நாளைக்கும் உக்காருவேன்" என்றான். என்னைவிடப் பெரிய ஆள்.

அக்டோபர் 11, புதன்

துலாமழைக்கு, அதாவது ஐப்பசி மழைக்கு, முன்னால் மறுபடி விதைத்தார்கள். தாட்சாயணி பால் சொசைட்டியில் அரைநாள் விடுப்புக் கேட்டுவிட்டு வந்து சொல்லிக்கொடுத்தாள். சத்தமே இல்லாமல், சின்னச் சின்ன வாக்கியமாகச் சொல்கிறாள். பிள்ளைகள் கேட்கிறார்கள். எனக்குத் தண்ணீர் ஊற்றும் வேலை. டீச்சரிடம் கேட்டு வாங்கிக்கொண்டது.

கதை சொல்லுங்க அம்மாவா என்று இரண்டு பேர் வந்தார்கள். இன்று இல்லை என்றேன். போய்விட்டார்கள்.

எந்த வரிசைக்கு எவ்வளவு தண்ணீர் என்பது நஜ்வாவின் பொறுப்பு. நோட்டைப் பார்த்துச் சொன்னாள்: "ஒரு செடிக்கு ரெண்டு குவளை." அம்மாவா என்று சொல்லவில்லை. எதுவும் சொல்லிக் கூப்பிடவில்லை.

"சரி, நீ போய் வெளையாடு, நான் ஊத்திடுறேன்" என்றேன்.

அவள் போகவில்லை. கடைசிச் செடிவரைக்கும் பக்கத்திலேயே நின்று, ஒவ்வொரு குவளையையும் எண்ணினாள்.